பிரிஜித் வரும் இரவு

அயர்லாந்தின் கில்டேருக்குப் போவதென்றால் ஜனவரி 31 மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். கில்டேரில் மடம் நிறுவியவராகச் சொல்லப்படும், அயர்லாந்தின் காவல் புனிதர்களில் ஒருவரான பிரிஜித்தின் திருநாள் பிப்ரவரி 1 அன்றுதான். ஆனால் பார்க்க வேண்டியதில் பாதி முந்தின இரவே வீடுகளுக்குள் நடந்து முடிந்துவிடும்.

நான் தங்கிய வீட்டு அம்மா சாப்பாட்டு மேசை முழுக்க ஈரப் புல்லைப் பரப்பியிருந்தார். நம்ம ஊர்க் கோரை மாதிரி இருந்தது. அறுக்கக் கூடாதாம், கையால்தான் பிடுங்க வேண்டுமாம். ஒரு தண்டை நேராகப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன்மேல் மாட்டி, கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மாட்டி... இப்படியே போனால் நடுவில் சதுரப் பின்னலும் நான்கு கைகளுமாக ஒரு சிலுவை வந்துவிடுகிறது. சாகக் கிடந்த ஒரு தலைவனின் அருகில் உட்கார்ந்து, தரையில் கிடந்த புல்லை எடுத்து பிரிஜித் முதன்முதலில் இதைப் பின்னினார் என்பது கதை. வாசலுக்கு மேல் மாட்டினால் வீடு தீப்பிடிக்காது என்பது நம்பிக்கை. அந்தக் காலத்தில் பழைய சிலுவைகளையும் எறியாமல் கூரையில் செருகி வைப்பார்களாம்.

அப்புறம் ஒரு துணித் துண்டை வெளியே புதர்மேல் போட்டார். இரவில் அந்த வழியாகப் போகும் பிரிஜித் அதைத் தொட்டுவிட்டுப் போவாராம். காலையில் பனியில் நனைந்து கிடந்ததை எடுத்துக் காயவைத்தார். தலைவலிக்கு அதைத்தான் கட்டிக்கொள்வாராம். "மாத்திரையும் போடுவேன்" என்று சிரித்தார்.

காலையில் பிரிஜித் பேராலயம். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாதிரியாரும் எழுத்தாளருமான ஜெரால்டு இங்கே அணையாத ஒரு தீயைப் பற்றி எழுதியிருக்கிறார்: 19 கன்னியர் ஆளுக்கு ஓர் இரவு காப்பார்கள், 20ஆம் இரவு பிரிஜித்தின் பொறுப்பு. எந்த ஆணும் வேலியைத் தாண்டக் கூடாது. பின்னாளில் அணைந்துபோன தீயை 1993இல் பிரிஜிதைன் சபைச் சகோதரிகள் ஊரில் மறுபடி ஏற்றினார்கள். தீ இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இப்போது தாழ்ந்த கற்சுவர்தான் மிச்சம். ஊருக்கு வெளியே டல்லியில் உள்ள புனிதக் கிணற்றருகே, வேண்டுதலுக்கு மரத்தில் துணிகள் கட்டியிருக்கிறார்கள்.

கிறித்தவத்துக்கு முன்பே இதே பெயரில் ஒரு பெண் தெய்வம் உண்டு. அயர்லாந்து மரபில் வசந்தம் பிறக்கும் நாளும் இதுவே. இருவரும் ஒருவரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த அம்மாவுக்கு அதில் துளியும் அக்கறை இல்லை.

2023 முதல் இதற்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. நல்லதுதான். ஆனால் விழாவுக்காகப் போடும் ஒளிக்காட்சிகளைவிட எனக்கு அந்தச் சாப்பாட்டு மேசைதான் பிடித்திருந்தது. கொண்டாட்டமும் கூத்தும் வேண்டுமென்றால் தென்மேற்கே கெர்ரிக்குப் போங்கள். அங்கே வைக்கோலால் செய்த உயரத் தொப்பி மாட்டிக்கொண்டு, பிரிஜித் பொம்மையைத் தூக்கிக்கொண்டு, வீடு வீடாக ஆடிப்பாடிக் காசு கேட்பார்கள்.