அங்கன்வாடி மாத எடை விவரம்: ஆய்வுக் கூட்டத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

வட்டார ஆய்வுக் கூட்டத்தில் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் எடை எடுத்தாச்சு?" என்பதுதான். 98 என்று சொன்னால் அடுத்த மையத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அந்த விடுபட்ட 2 சதவீதத்தில்தான் தொடங்குகிறோம். சூளை வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளையும் அடிக்கடி காய்ச்சலில் படுக்கும் பிள்ளையும் அதற்குள்தான் இருப்பார்கள். பணியாளர் தராசோடு வீட்டுக்கே போக வேண்டியது அவர்களுக்காகத்தான்.

2021 மார்ச்சில் வந்த போஷன் டிராக்கர் செயலியில் எடையையும் உயரத்தையும் பதிந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரநிலையோடு ஒப்பிட்டுக் குழந்தையின் நிலையை அதுவே காட்டிவிடும். பதிந்த அளவு தவறென்றால் காட்டும் நிலையும் தவறு.

எடையில் பெரிய பிழை வருவது குறைவு. சமதளத்தில் தராசை வைத்து, பூஜ்யம் பார்த்து, கனத்த உடுப்பைக் கழற்றிவிட்டால் போதும். சிக்கல் உயரத்தில்தான். 2 வயதுக்குள் படுக்கவைத்தும், அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நிற்க மறுக்கும் பெரிய பிள்ளையைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழிக்க வேண்டும். படுக்கவைத்து அளக்க இரண்டு பேர் கட்டாயம் தேவை: ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க, மற்றவர் முழங்காலை நீட்டிப் பாதப்பலகையை நகர்த்த. தனியாக அளந்தால் முழங்கால் மடங்கி, பிள்ளை குட்டையாகப் பதிவாகும். அப்போது உயரத்துக்கேற்ற எடை சரியாக இருப்பதுபோல் தெரிந்து, உண்மையில் மெலிந்திருக்கும் பிள்ளை ஊட்டச்சத்துக் குறைபாட்டுப் பட்டியலிலிருந்து நழுவிவிடும். எங்களுக்கு மிகவும் கவலை தரும் பிழை இதுதான். கொண்டையோடு அளந்தால் நேர்மாறு: வளர்ச்சி குன்றியது (வயதுக்கேற்ற உயரம் இல்லாதது) மறையும், இல்லாத மெலிவு (உயரத்துக்கேற்ற எடை இல்லாதது) தோன்றும்.

பதிவேட்டைப் பார்த்தாலே சில தெரிந்துவிடும். போன மாதத்தைவிடக் குறைந்த உயரம், மூன்று மாதமாக மாறாத உயரம், எல்லாப் பிள்ளைக்கும் .0 அல்லது .5 என்று முடியும் அளவு: இவை இருந்தால் அந்த மையத்தில் நேரில் நின்று மறுபடி அளக்கச் சொல்கிறோம்.

அடுத்தது தீவிர ஊட்டச்சத்துக் குறைபாட்டுப் பட்டியல். 20 பேர் 16 ஆனால் கைதட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். 3 பேர் ஊர் மாறி, 3 பேர் 5 வயது கடந்து, 2 பேர் தேறி, 4 பேர் புதிதாகச் சேர்ந்திருந்தாலும் 16தான். தேறியவர்கள் இரண்டே பேர். வந்தவர், தேறியவர், வயது கடந்தவர், வெளியூர் போனவர் என்று நான்கு பத்தி போட்டுப் பெயரோடு எழுதுவது இதற்காகத்தான்.

பட்டியலுக்கு வந்த பிள்ளையை அதே வாரம் மறுபடி அளக்கிறோம். 6 மாதம் முதல் 5 வயதுக்குள் புயத்தின் நடுச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழிருந்தாலோ, இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ, எடை என்ன காட்டினாலும் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

2018இல் தொடங்கிய ஒன்றிய அரசின் ஊட்டச்சத்துத் திட்டமான போஷன் அபியான், வளர்ச்சி குன்றலை ஆண்டுக்கு 2 சதவீதம் குறைக்க இலக்கு வைத்தது. அது ஆண்டுக் கணக்கு. உயரக் குறைவு ஒரு மாதத்தில் மாறாது. மாதாமாதம் அதைக் கேட்டு நெருக்கினால் பணியாளர் எண்ணைத்தான் மாற்றுவார். மாதக் கூட்டத்தில் கேட்க வேண்டியது, தொடர்ந்து இரண்டு மாதம் எடை கூடாத பிள்ளைகள் யார் யார், அந்த வீடுகளுக்கு யார் எந்தத் தேதியில் போகிறார் என்பதைத்தான்.