வாங் பிங்: 300 மணிநேரத்திலிருந்து 2,600 வரை

சீன ஆவணப்பட இயக்குநர் வாங் பிங் என்றதும் எல்லோரும் படத்தின் நீளத்தைத்தான் பேசுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் அவர் எத்தனை மணிநேரம் படம்பிடித்துவைத்தார் என்று பாருங்கள், ஆள் எப்படி வேலை செய்கிறார் என்பது பிடிபடும்.

1967-இல் பிறந்தவர். ஷென்யாங்கில் புகைப்படக்கலையும், பிறகு பெய்ஜிங் திரைப்படக் கழகத்தில் ஒளிப்பதிவும் படித்தார். 1999-இல், வாடகைக்கு எடுத்த சின்ன டிஜிட்டல் கேமராவோடு ஷென்யாங்கின் தியேஷி தொழிற்பேட்டைக்குள் நுழைந்தார். அரசு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்த நேரம். 35 மி.மீ. பிலிமில் ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சின்ன டேப் ஒன்று ஒரு மணிநேரம் ஓடும். தொழிலாளிகள் ஓய்வறையில் சீட்டாடுவதை அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க அவரை விட்டது அந்த டேப்தான். 2001 வரை சுமார் 300 மணிநேரம் பிடித்து, ஒன்பது மணிநேரச் சொச்சமாகச் சுருக்கினார். ‘மேற்குத் தண்டவாளங்கள்’ என்ற அந்தப் படத்துக்கு மூன்று பாகம்.

மலிவு கேமராவின் குறைகள் படத்தில் அப்படியே தெரியும். தொடக்கத்தில் சரக்கு ரயிலின் முன்னால் கேமரா போகும்போது லென்ஸில் பனித்துளி ஒட்டும், துடைக்க மாட்டார். 2007-இல் ஹே ஃபெங்மிங் என்ற மூதாட்டி வீட்டில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லும் படம். பொழுது சாய்ந்து முகமே மறைந்தபிறகுதான் வாங் பிங் விளக்கைப் போடச் சொல்வார். அதை வெட்டி எறிந்திருந்தால் அவள் எவ்வளவு நேரமாகப் பேசுகிறாள் என்பதே நமக்கு உறைத்திருக்காது.

கான்சு மாகாணத்து ஜியாபியான்கோ கட்டாய உழைப்பு முகாமில் பிழைத்தவர்களை 2005 முதல் தேடித் தேடிப் பேசவைத்தார். சுமார் 120 பேர், 600 மணிநேரம். 2018-இல் வந்த ‘இறந்த ஆன்மாக்கள்’ எட்டேகால் மணிநேரம்தான். சாட்சிகள் எல்லோரும் முதியவர்கள் என்பதால், காசு கிடைக்கட்டும் என்று காத்திருக்க வழியில்லை; முதலில் பிடித்துவிட வேண்டும், தொகுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

‘இளமை’ என்ற படத்தில் கணக்கு எங்கோ போய்விட்டது. ஷெஜியாங் மாகாணத்து ஷிலி ஊரில் குழந்தைத் துணி தைக்கும் பட்டறைகள். 2014-இலிருந்து 2019 வரை 2,600 மணிநேரம். மூன்று பாகமும் சேர்ந்து பத்து மணிநேரத்தை ஒட்டி வரும், அதாவது 260 மணிநேரத்துக்கு ஒரு மணிநேரம். பீஸ் ரேட்டுக்காக முதலாளியோடு பையன்கள் மல்லுக்கு நிற்கும் காட்சிகள்தான் உச்சம். இத்தனை பட்டறை, இத்தனை முகம் என்று ஆனபிறகு யாரும் மனதில் தங்குவதில்லை என்பது என் குறை. டேப் தீர்ந்துவிடுமே என்ற பயம் இல்லாததன் விலை இது.

சீனாவில் தியேட்டருக்குப் போக அரசுத் தணிக்கையின் ‘டிராகன் முத்திரை’ அனுமதி வேண்டும். 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டப்படி, வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பவும் அது வேண்டும். இவர் அந்த வழிக்கே போகாதவர். அதனால் காசும் திரையும் பெரும்பாலும் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்ஸில்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 86 நிமிடம்தானே என்று ‘திருமதி ஃபாங்’கில் கைவைக்க வேண்டாம். லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருது வாங்கிய படம்தான், ஆனால் பெரும்பாலும் ஒரு மரணப் படுக்கை. ‘மேற்குத் தண்டவாளங்க’ளின் மூன்றாம் பாகம் இரண்டே கால் மணிநேரத்துக்குள் முடிந்துவிடும்; ரயில் பாதையோரம் நிலக்கரி பொறுக்கிப் பிழைக்கும் ஓர் அப்பனும் மகனும். அங்கிருந்து தொடங்குங்கள்.