சீலோவாமில் நிறைவேறிய பொருத்தனை

அம்மாவுக்குக் கண்புரை முற்றி, கூடவே சர்க்கரையும் சேர்ந்துகொண்டு, எதிரில் நிற்பவர் முகமே நிழலாகத்தான் தெரிந்த சமயம் அது. ஆலயத்தில் ஒரு ஞாயிறு மாலை, வேதாகமத் தொல்லியல் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டார்கள். எல்லாரும் பார்த்தோம், அம்மா கேட்டார்கள். 2004-இல் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டியபோது பழைய கற்படிகள் தட்டுப்பட்டன. ரோனி ரைக், எலி ஷுக்ரோன் என்ற ஆய்வாளர்கள் அது இயேசுவின் காலத்துச் சீலோவாம் குளம் என்று கண்டுகொண்டார்கள். அந்த இடம் வந்ததும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். யோவான் சுவிசேஷத்தில், இயேசு சொன்னபடி பிறவிக் குருடன் கழுவிப் பார்வையடைந்த குளமல்லவா! அன்று இரவே பொருத்தனை பண்ணிவிட்டார்கள்: ஆபரேஷன் முடிந்து கண் தெரிந்தால் அந்தத் தண்ணீரில் முகம் கழுவி, ஆலயத்தில் சாட்சி சொல்வது என்று.

கர்த்தர் பார்வை தந்தார். பணம் சேர்த்து எருசலேமுக்குக் கிளம்பினோம்.

கூட்டிப்போனவர்கள் காட்டிய அவசரம் தாங்கவில்லை. ஒலிவமலையில் இறங்கினால் 'ஒன் டாலர், ஒன் டாலர்' என்று மாலையும் படமும் விற்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கல்லறை ஆலயத்தில் அவ்வளவு நேரம் வரிசையில் நின்று உள்ளே குனிந்தால், ஜெபிக்க வாயெடுக்கும் முன்னே வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். சீலோவாமுக்கு நேரமில்லை என்றார் வழிகாட்டி. "இதுக்காகத்தானய்யா வந்தேன்" என்று அம்மா சொன்னதும் ஒன்றும் பேசாமல் பஸ்ஸைத் திருப்பச் சொன்னார்.

அம்மாவைக் குழுவின் மூத்தவர்களோடு மேல்வழியாக அனுப்பிவிட்டு, நாங்கள் சிலர் யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜாவின் சுரங்கத்தில் இறங்கினோம். கி.மு. 701-இல் அசீரியா ராஜா சனகெரிப் படையெடுத்து வருமுன், கீகோன் ஊற்றை நகரத்துக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்த வழி அது. 533 மீட்டர். முதலில் தொடை வரை சில்லென்ற தண்ணீர், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தோள் இரண்டு பக்கமும் உரசியது. எனக்கு மூச்சு முட்டியது; திரும்பிப் போகவும் வழியில்லை.

டார்ச் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். குந்தாலி கொத்திய தடம் ஒவ்வொன்றும் நேற்று வெட்டியதுபோல இருந்தது. ஓரிடத்தில் அந்தத் தடங்கள் திசை மாறி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தன. இரண்டு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் சந்தித்த இடம்! பாறைக்கு அப்பால் எதிர்ப்பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டதாக அவர்களே கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். 1880-இல் கிடைத்த அந்தக் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. நான் அங்கே நின்றபோது, முன்னால் போன ஒரு அக்கா கீர்த்தனை பாட ஆரம்பித்தார்கள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் பாறை வழியாக வந்தது. என் பயம் அதோடு போயிற்று. கல்லைத் தொட்டு அழுதேன்.

சுரங்கம் முடிகிற சின்னக் குளம் இயேசுவுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்திய பைசாந்தியர் காலத்தில் கட்டியது. ஆனால் தண்ணீர் அதே கீகோன் தண்ணீர்தான். அம்மா அங்கே காத்திருந்தார்கள். இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கொஞ்சம் தள்ளித்தான் அந்தப் பழைய படிகள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கே போய் நின்றவர்கள், விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தார்கள்.

"எய்யா, அஞ்சு படி, அப்புறம் ஒரு அகலத் தளம், மறுபடியும் அஞ்சு. பாத்தியா?"

என் முகமே தெரியாதிருந்தவர்கள் எனக்குப் படி காட்டுகிறார்கள்! அதற்குப் பிறகு எங்கெங்கே கூட்டிப்போனார்கள் என்று கேட்டால் வரிசையாகச் சொல்லத் தெரியாது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பது தவிர வேறு வார்த்தை வாயில் வரவில்லை. அறுவை செய்த டாக்டரின் கைகளுக்காக, உபவாசமிருந்து ஜெபித்த சபையாருக்காக, இந்த வயதிலும் அம்மாவை நடக்கவைத்த பெலத்துக்காக எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்!

வருகிற ஞாயிறு ஆராதனையில் அம்மா சாட்சி சொல்கிறார்கள். வேதபாடமும் தானே வாசிப்பதாகப் போதகர் ஐயரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்: யோவான் 9-ஆம் அதிகாரம்.