மேகமும் புதரும்

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆயா வீட்டில், கோடை விடுமுறைக்கு வந்து சேரும் பிள்ளைகளுக்கு வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பத்தித் தாழ்வாரம்தான் ஆடுகளம். தாயமும் பல்லாங்குழியும் ஆடிய அந்த இடத்துக்கே, 1990களின் தொடக்கத்தில் அம்மான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் பெட்டியும் வந்து சேர்ந்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் சம்மணமிட்டு மேரியோ ஆடிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அந்த மேகத்துக்கே பச்சை அடிச்சுப் புதராக்கியிருக்காங்க பாரு" என்று தங்கை சொன்னாள். அவள் கண்டது சரிதான் என்பதையும் அதன் காரணத்தையும் நான் படித்து அறிய இருபது ஆண்டுகள் ஆயின.

வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுவதற்கென்று விற்பனைக்கு வந்த முதல் கருவி, ரால்ஃப் பேயரின் வடிவமைப்பைக் கொண்டு மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட ஒடிசி. சில வெள்ளைப் புள்ளிகளையும் ஒரு கோட்டையும் தவிர அதனால் எதையும் காட்ட முடியாது, ஒலியும் இல்லை. வண்ணப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொண்டு, பெட்டியோடு வந்த பகடையையும் விளையாட்டுப் பணத்தையும் வைத்து, வெற்றி தோல்வியை ஆடுபவர்களே கணக்கு வைத்தார்கள். சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் கிழித்துத் தாயம் உருட்டிய எங்களுக்கு அது பழகிய முறைதான்.

1977இல் வந்த அட்டாரியின் கருவியில் இருந்த நினைவகம் வெறும் 128 பைட் (ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தைச் சேமிக்கும் அளவு). ஒரு திரைப் படத்தை முழுதாக வைத்துக்கொள்ள அதில் இடமில்லாததால், தொலைக்காட்சித் திரையில் படத்தை வரையும் மின்கற்றை ஒவ்வொரு வரியாகக் கீழிறங்கும் வேகத்துக்கு ஈடாக நிரலும் ஓடி, வரிக்கு வரி படத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னணியின் இடப்பாதியை மட்டும் வரைந்தால், வலப்பாதியில் கருவியே அதை அப்படியே மறுபடியோ, கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டியோ போட்டுக்கொள்ளும். அக்காலக் கோட்டைகளும் சுவர்களும் பெரும்பாலும் இருபுறமும் ஒத்திருப்பது அதனால்தான்.

நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவிதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஏனென்றால் அதன் திரை வரையப்படுவதில்லை, தரையில் கல் பதிப்பதுபோல் பதிக்கப்படுகிறது. 256க்கு 240 புள்ளிகள் கொண்ட திரையைப் புள்ளி புள்ளியாகச் சேமிப்பதென்றால், புள்ளிக்கு நான்கு வண்ண வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும் 15,360 பைட் வேண்டும். அதற்குப் பதிலாக 8க்கு 8 புள்ளிகளில் 256 சிறு கற்களை முன்பே செய்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எத்தனையாவது கல் என்ற பட்டியலை மட்டும் எழுதினார்கள். வரிசைக்கு 32 கல் வீதம் 30 வரிசைகள், மொத்தம் 960 கற்கள், கல்லுக்கு ஒரு பைட். வண்ணங்களைக் குறித்துவைக்க மேலும் 64 பைட். ஆக 1,024 பைட்டில் ஒரு திரை முடிந்துவிடுகிறது. கல்லின் வடிவம் ஓரிடத்திலும் வண்ணம் வேறிடத்திலும் இருப்பதால், வானத்தில் வெள்ளையாக மிதக்கும் மேகம் தரையில் பச்சைப் புதராக நிற்கக் கூடுதல் கல் எதுவும் தேவைப்படவில்லை.

சென்ற முறை ஊருக்குப் போனபோது ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் நெடுநேரம் நின்றேன். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கியதும் கலங்காமல் நின்றது பூ. அதே அச்சில் அடுத்த கல்லுக்குச் சிவப்புக்குப் பதில் பச்சையை ஊற்றினார் பெரியவர். காய்ந்த கற்கள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றையும் கால்சுற்றுத் திருப்பி அடுக்கியபோது நடுவில் ஒரு முழு வட்டம் கூடியது.

இந்த ஒன்று மட்டும் ஃபேமிகாமின் பின்னணிக் கற்களால் ஆகாது. அவற்றைத் திருப்ப முடியாது. அசையும் உருவங்களை மட்டும் இடம் வலமாகவோ தலைகீழாகவோ புரட்டிக்கொள்ளலாம். மேரியோவை நோக்கி ஆடி ஆடி வரும் கூம்பா என்ற எதிரிக்கு நடப்பதற்கென்று வரைந்த படம் ஒன்றே ஒன்றுதான், அதையே இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் புரட்டி நடக்க வைத்திருக்கிறார்கள். தங்கை இதைக் கவனித்திருக்கவில்லை. அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன்.