பட்டுமி ஃபைனல்ல ஹம்பியும் திவ்யாவும்
2025 ஜூலைல ஜார்ஜியா பட்டுமில நடந்த மகளிர் செஸ் உலகக் கோப்பை ஃபைனல எத்தன தடவ பார்த்தாலும் எனக்கு சலிக்கல. ஒரு பக்கம் 38 வயசு கோனேரு ஹம்பி, எதிர்ல 19 வயசு திவ்யா தேஷ்முக். ஹம்பி 2002ல கிராண்ட்மாஸ்டர் (செஸ்ல உச்சப் பட்டம்) ஆனப்போ இந்தப் பொண்ணு பொறக்கவே இல்ல!

ரெண்டு கிளாசிக்கல் கேமும் (நிதானமா பல மணி நேரம் ஆடுறது) டிரா, அப்புறம் ஜெயிச்சது யாருன்னு முடிவு பண்ண ரேபிட் டைபிரேக், அதாவது வேகமான ஆட்டம், ஆளுக்கு 15 நிமிஷம், மூவுக்கு 10 செகண்ட் கூடும், அவ்ளோதான். ரேபிட்னா அது ஹம்பியோட கோட்டை, 2019லயும் 2024லயும் உலக சாம்பியன் அவங்க. முதல் ரேபிடும் டிரா ஆகி ரெண்டாவதுல திவ்யாவுக்கு கருப்புக் காய், ஹம்பி மாதிரி ஆள்கிட்ட கருப்புல ஜெயிக்கிறதெல்லாம் சும்மா இல்லீங்க, ஆனா கடைசில கிளாக் ஓட ஓட ஹம்பி தப்பு மூவ் ஆடிட்டாங்க, திவ்யா கப்புனு புடிச்சுக்கிட்டா.

ஜெயிச்சதும் கண்ணு கலங்கி அம்மாவ கட்டிப்புடிச்சு அழுதா பாருங்க, எனக்கும் அழுகை வந்துருச்சு. கிராண்ட்மாஸ்டர் ஆக வழக்கமா தேவைப்படுற நார்ம் (பெரிய போட்டில நல்லா ஆடினா கிடைக்கிற தகுதி) ஒண்ணு கூட இல்லாம போனவ, கப்ப ஜெயிச்சதால நேரடியா இந்தியாவோட 88வது கிராண்ட்மாஸ்டரா திரும்பி வந்தா.

ஹம்பி தோத்துட்டாங்கன்னு யாரும் குறைச்சுப் பேசாதீங்க ப்ளீஸ். உலக சாம்பியனோட மோதப்போறது யாருன்னு முடிவு பண்ற கேண்டிடேட்ஸ் போட்டில இடம் ரெண்டு பேருக்குமே கிடைச்சுது.