கான்ட்ராவுக்கு இங்கே வேறு பெயர்

பெர்லின் மௌவர்பார்க்கில் ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே ஒரு கடையில், குட்டி டிவியோடு நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டி ஒன்றை இணைத்து ஓடவிட்டிருந்தார்கள். இசை காதில் விழுந்ததுமே கால் நின்றுவிட்டது. காடு, பாலம், ஆயுதம் தரப் பறந்து வரும் எழுத்து, எல்லாம் சின்ன வயதில் ஆடிய துப்பாக்கிச் சண்டை கேம் கான்ட்ராதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது சட்டை போடாத நம் சிப்பாய் இல்லை, ஒரு ரோபோ.

“கான்ட்ராவை யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள்” என்றேன். கூட வந்த அலுவலக நண்பர் ஜெர்மன்காரர். சின்னப் பையனைத் திருத்துவது போலச் சொன்னார்: “கான்ட்ராவா? இது ப்ரோபோடெக்டர். ஏழு வயதிலிருந்து ஆடுகிறேன்.”

அவர் சொன்னதும் உண்மைதான். மனிதனை மனிதன் சுடும் விளையாட்டு என்றால் ஜெர்மனியின் இளையோர் பாதுகாப்பு விதிகளில் சிக்கல் வரும். அதனால் 1990-ல் ஐரோப்பாவுக்கு வந்த நின்டெண்டோ பதிப்பில் வீரர்களை ரோபோக்களாக மாற்றி, பெயரையும் மாற்றினார்கள். அவருக்கு அதுதான் அசல், என் கான்ட்ராதான் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு. விசா வரிசையில்கூட எனக்கு இவ்வளவு அந்நியமாக இருந்ததில்லை.

ஆறு வருடத்தில் ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது என்று சனிக்கிழமையே தயிர் வாங்கிவிடுகிறேன். காலி பிளாஸ்டிக் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும், அதையும் விடுவதில்லை. மறுநாள் சாயங்காலம் அப்படிப் போட்டுக்கொண்டிருந்தபோது, கை இங்கே இருந்தது, மனசு பாளையங்கோட்டையில் பழைய பேப்பர் கடை வாசலில் நின்றது. முழுப் பரீட்சை முடிந்ததும் நோட்டுகளை எடைக்குப் போட்டு, அந்தக் காசில் வீடியோ கேம் கடையில் ஒரு மணி நேரம் ஆடுவோம், நானும் அண்ணனும்.

அப்புறம் மாமா பர்மா பஜாரிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். நின்டெண்டோவின் நகல் என்பதெல்லாம் அப்போது தெரியாது. கூடவே வந்த கேசட்டில் லட்சக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும், எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது. ஓடாவிட்டால் கேசட்டை உருவி ஊத வேண்டும். கான்ட்ராவில் முதல் ஜாய்ஸ்டிக் அண்ணனுக்கு, அதாவது நீலக் கால்சட்டை போட்ட சிப்பாய். எனக்குச் சிவப்பு. இதில் பேச்சுக்கே இடமில்லை, மூத்தவன் மூத்தவன்தான்.

மூன்றாவது கட்டம் அருவி. ஒருவன் மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே தங்கிவிட்டவன் செத்துப்போவான். அண்ணன் எப்போதும் விறுவிறுவென்று ஏறிவிடுவான், நான் கீழே. அதற்குப் பழிவாங்க எனக்கும் ஒரு வழி இருந்தது. என் உயிர்கள் தீர்ந்ததும் ஏ பட்டனை அமுக்கினால் அவன் கணக்கிலிருந்து ஒரு உயிர் எனக்கு வந்துவிடும். அதற்காக வாங்கிய கொட்டுகள் இன்னும் உச்சந்தலையில் இருக்கின்றன.

2024 மார்ச்சில் ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலுகா’ வந்தது. பழைய கான்ட்ராவையே புது உடம்பில் எழுப்பியிருக்கிறார்கள். செய்தது வேஃபார்வர்ட் என்ற கம்பெனி. 2007-ல் நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான டி.எஸ்.ஸுக்குக் கான்ட்ரா 4 செய்தவர்களும் அவர்களே. விமர்சனங்களைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல்தான். எட்டே கட்டம், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடுகிறது, 40 டாலருக்கு இது போதாது என்று பலரும் எழுதியிருந்தார்கள்.

ஐயா, பழைய கான்ட்ராவுக்கும் எட்டே கட்டம்தான். கைதேர்ந்தவன் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். எங்களுக்கு அது மூன்று கோடை விடுமுறை ஓடியது. ஒரு குண்டு பட்டால் சாவு, தொடக்கத்தில் மூன்றே உயிர், அதனால் திரும்பத் திரும்ப முதலிலிருந்து. கஷ்டம்தான் அதன் நீளம். அதை மணிக்கணக்கில் அளப்பது, பல்லாங்குழியை ‘எத்தனை நிமிடம் ஓடும்?’ என்று கேட்பது போல. கலுகாவில் ஒரு குண்டில் சாகாமல், அடிபட அடிபடக் குறையும் உயிர்க்கோடு வைத்துக்கொண்டும் ஆடலாம். அப்படி ஆடினால் சீக்கிரம் முடியத்தானே செய்யும்?

விலை விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன். 2020-ல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 4 என்ற அடிதடி கேம் வந்தபோது பன்னிரண்டு கட்டம், 25 டாலர். கையால் வரைந்த படங்களோடு அதுவும் பழைய ஆட்டத்துக்கு உயிர் கொடுத்ததுதான், விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆகவே இவர்களுக்குப் பழசு என்றாலே வெறுப்பு என்று நான் சண்டை போட முடியாது.

என் வழக்கு வேறு. இந்த விமர்சனங்களில் பெரும்பாலும் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தனியாக ஆடி, தனியாக முடித்து, மதிப்பெண் போட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. அடுத்தவனை அருவியில் தள்ளிவிடவும் முடியாமல், உயிரைத் திருடவும் முடியாமல் ஆடியவனுக்குக் கான்ட்ராவில் பாதிதான் கிடைத்திருக்கும். அந்தப் பாதிக்கு அவர்கள் போட்ட மார்க் சரியாகக்கூட இருக்கலாம்.

வாங்கினேன். ஜெர்மன் நண்பர் வந்தார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ப்ரோபோடெக்டர் ரோபோவும் நின்றது! மனுஷன் கண் கலங்காத குறை. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாத கட்டடம் என்பதால் இரண்டு பேரும் கிசுகிசுத்துக்கொண்டே ஆடினோம். சத்தமில்லாத கான்ட்ரா, மேளம் இல்லாத கல்யாணம். அவர் மிகவும் நாகரிகமாக ஆடினார். ஒவ்வொரு ஆயுதத்தையும் “நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். நாகரிகமாக ஆடினால் கான்ட்ராவில் என்ன இருக்கிறது?

விமர்சகர்கள் இன்னொரு குறையும் சொல்லியிருந்தார்கள். இணையத்தில் சேர்ந்து ஆட வழியில்லை, ஒரே அறையில் இருந்தால்தான் இருவர் ஆட்டம் என்று. அதைப் படித்தபோது ‘சோபாவில் உட்கார்ந்து ஆட வேண்டியதற்கு இணையம் எதற்கு?’ என்று சிரித்தேன். அண்ணன் திருநெல்வேலியில் இருக்கிறான் என்பது அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை.

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில், என் கணினியில் ஓடும் ஆட்டத்தைத் தூரத்தில் இருப்பவரோடு பகிர்ந்து ஆடலாம். ஒரு சனிக்கிழமை எனக்குச் சாயங்காலம் 5 மணி, அவனுக்கு இரவு 9.30. வாட்ஸ்அப்பில் அழைத்து, வழிமுறை சொல்லி, அண்ணி ஒருமுறை வந்து திட்டிவிட்டுப் போய், ஒருவழியாக இணைந்தோம். ஆட்டம் ஓடுவது என் கணினியில் என்பதால் முதல் ஆள் நான். முப்பது வருடத்தில் முதல் தடவை. அவன் பட்டனை அமுக்கினால் அது பெர்லின் வந்து சேருவதற்குள் குண்டு பட்டுவிடுகிறது. ஒரு குண்டில் சாகும் முறையைத்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவன்தான். செத்துச் செத்து விழுந்தான். நான் முன்னால் போகாமல் நின்று நின்று ஆடினேன்.

“எதுக்குல நிக்க? போயேன்” என்றான்.

போனேன். மூன்றாவது நிமிடம் என் உயிர்களும் தீர்ந்தன. நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. அதற்குள் போனில் கத்தினான்:

“ஏல, என் உயிர்ல கை வைக்காத!”