பிராக் கடிகாரம்: பொம்மையை விடுங்கள், முள்ளைப் பாருங்கள்

செக் நாட்டின் பிராக் நகரில் பழைய வானியல் கடிகாரத்தைப் பார்க்கப் போகிற எல்லாரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். மணி அடிக்கும் நேரம் பார்த்துப் பழைய நகரச் சதுக்க நெரிசலில் முண்டியடித்து, அப்போஸ்தலர் பொம்மைகள் சுற்றி வந்து சேவல் கூவியதும் "இவ்வளவுதானா?" என்று கலைந்துவிடுகிறார்கள். ஒரு நிமிடச் சமாச்சாரம் அது. எல்லாரும் அண்ணாந்து நிற்கும் அந்த நிமிடம்தான் பிக்பாக்கெட்காரருக்கு நல்ல நேரம்! பத்து நிமிடம் கழித்துப் போங்கள். கூட்டம் இருக்காது, வெளியே நின்று பார்க்கக் காசும் கிடையாது.

1410-இல் செய்த முகப்பு இது. அடிப்படையில் ஓர் அஸ்ட்ரோலேப், அதாவது சூரியனும் நட்சத்திரங்களும் வானில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் பழைய தட்டுக் கருவி. கையில் வைத்திருக்கும் அஸ்ட்ரோலேபில் ராசி வளையத்தை நாம் திருப்புவோம். இங்கே பல்சக்கரம் திருப்புகிறது. பின்னால் தீட்டியிருப்பது பிராக்கின் வானம்: நீலம் பகல், செம்மஞ்சள் அந்தி, கீழே கறுப்பு வட்டம் இரவு. தங்கச் சூரியன் முள்ளில் ஒரே இடத்தில் நிற்காது; ராசி வளையம் முள்ளை வெட்டும் இடத்துக்கு நகரும். கோடையில் விளிம்புப் பக்கம், குளிர்காலத்தில் மையத்துப் பக்கம். ஜூன் நடுவில் நள்ளிரவிலும் அது கறுப்பைத் தொடாது, ஏனென்றால் அப்போது அங்கே முழு இருட்டே கிடையாது.

ஜூன் 21, போனில் மதியம் 3 மணி என்று வையுங்கள். முள் நுனியில் உள்ள தங்கக் கை ரோமன் எண் இரண்டைக் காட்டும். கடிகாரம் கெட்டுப்போகவில்லை. கோடையில் அங்கே மற்றக் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள்; இது அந்தக் கோடை நேரத்துக்கு மாறாது, ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். நிமிட முள் இல்லாததால் கால் மணி துல்லியம் கிடைத்தாலே பெரிது. அதே கை வெளி வளையத்தில் பதினேழே முக்கால் காட்டும். அது பழைய செக் மணி, சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணுவது. 24-இல் கழித்தால் மறைவுக்கு இன்னும் ஆறேகால் மணி! மறையும் நேரம் மாற மாற அந்த வளையமும் முன்பின் நகரும். நீலத்தில் வளைந்தோடும் தங்கக் கோடுகள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிப்பவை. சூரியன் அப்போது எட்டாம் பங்கில் இருக்கும். அன்று ஒரு பங்கு 82 நிமிடம், டிசம்பரில் நாற்பதுதான்.

உள்ளே மூன்று பெரிய சக்கரங்கள். ராசிக்கு 365 பல், சூரியனுக்கு 366, நிலாவுக்கு 379. மூன்றையும் தள்ளுவது 24 பல் கொண்ட சிறு சக்கரங்கள். ஒரு பல் குறைந்ததால் ராசி வளையம் தினமும் சூரியனை நாலு நிமிடம் முந்தும். நட்சத்திர நாள், அதாவது ஒரு நட்சத்திரம் வானைச் சுற்றி அதே இடத்துக்கு வர ஆகும் நேரம், அப்படித்தான் வருகிறது. என்ன மூளை!

நம்மூர்ப் பஞ்சாங்கக் கண்ணோடு ராசியைப் பார்த்தால் குழம்பும். இது சாயனக் கணக்கு, நட்சத்திரங்களை வைத்து அல்ல, பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளை வைத்து ராசியை எண்ணுவது. மேஷம் சித்திரை ஒன்றில் அல்ல, மார்ச் 20 வாக்கிலேயே தொடங்கிவிடும்.

எதிரே மேசை போட்ட கடைகளில் உட்காராதீர்கள், இடத்துக்கும் சேர்த்துத்தான் பில். "கமிஷன் இல்லை" என்று போர்டு மாட்டிய பணமாற்றுக் கடைகளில் ரேட்டைக் கேட்காமல் நோட்டை நீட்டாதீர்கள்.

கிளம்புமுன் நிலா உருண்டையைத் தேடுங்கள். பாதி வெள்ளி, பாதி கறுப்பு. உள்ளே தொங்கும் ஓர் எடைதான், முள் சுற்றச் சுற்ற, அதைப் பிறையிலிருந்து பௌர்ணமிக்குத் திருப்புகிறது.